தைரியம் கேட்காத சாலை

ஊருக்குத் திரும்பி ஒரு மாதமாகிறது. பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "டீச்சர், ஜெர்மனியில தன்னந்தனியா சைக்கிள்லயே வேற ஊருக்குப் போயிட்டு வந்தீங்களாமே? என்ன தைரியம் உங்களுக்கு!" மகன் எடுத்து அனுப்பிய படம் தெரு முழுக்கச் சுற்றியிருக்கிறது. கேட்பவர்களின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்தப் பாராட்டை வாங்கிக்கொள்ள மனம் வரவில்லை. அன்றைய தினம் எனக்குத் தைரியம் என்று ஒன்று தேவைப்படவே இல்லை.

தைரியம் தேவைப்பட்ட நாள் வேறு. அது 1991. புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஊர் ஊராகப் பரவிக்கொண்டிருந்த காலம். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்களுக்கு எழுத்து சொல்லிக்கொடுப்பதோடு சைக்கிளும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று இயக்கத்தில் முடிவானது. எனக்கு 27 வயது. இடுப்பில் இரண்டு வயதுப் பையன். மாலை நேரத்தில் பாடம் நடத்தப் பக்கத்துக் கிராமத்துக்குப் போக வேண்டும். கடைசி டவுன் பஸ் போய்விட்டால் நடைதான். என் வீட்டுக்காரரின் பார் சைக்கிளைக் கண்மாய்க் கரைக்குத் தள்ளிக்கொண்டு போய், புடவையை முழங்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு பழகினேன். கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. விழுந்து எழுந்து, முட்டியில் ரத்தத்தோடு வீட்டுக்கு வந்து, மறுநாளும் போனேன். 1992 மகளிர் தினத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் ஊர்வலமாகப் போனோமே, அதில் நானும் ஒருத்தி. கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள் எனக்கு முன்னால் போனார்கள். அன்று நாங்கள் ஒவ்வொருவரும் காட்டியதுதான் தைரியம்.

இடுப்பில் இருந்த அந்தப் பையன்தான் இப்போது ஜெர்மனியின் தெற்குக் கோடியில், ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபன் என்கிற ஊரில் பொறியாளராக இருக்கிறான். பணி ஓய்வு பெற்றபின் அவனோடு மூன்று மாதம் இருக்கப் போயிருந்தேன். ஊர் ஒரு பெரிய ஏரியின் வடகரையில் இருக்கிறது. போடென்சே என்று ஏரிக்குப் பெயர். 63 கிலோமீட்டர் நீளம், 251 மீட்டர் ஆழம். ரைன் நதி ஒரு பக்கம் உள்ளே வந்து மறுபக்கம் வெளியே போகிறது. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் கரைகள் அதைச் சுற்றி இருக்கின்றன. ஏரியின் பெரும்பகுதியில் தண்ணீருக்குள் எல்லைக் கோடு எங்கே ஓடுகிறது என்று இந்த மூன்று நாடுகளும் இன்றுவரை ஒப்பந்தம் எழுதிக்கொள்ளவில்லை. சண்டையும் போட்டுக்கொள்ளவில்லை.

எதிர்க்கரையில் கான்ஸ்டன்ஸ் என்கிற பழைய நகரம். அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. மகனுக்கு வேலை நாட்களில் நேரம் இல்லை. சனிக்கிழமையில் கூட்டம் அதிகம். "நான் சைக்கிள்லயே போயிட்டு வர்றேன்" என்றேன். அவன் யோசித்தான். மருமகள்தான் உடனே, "அத்தை, என் சைக்கிளை எடுத்துக்கோங்க. சீட்டை மட்டும் இறக்கித் தர்றேன்" என்றாள். செப்டம்பர் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டரைக்குக் கிளம்பினேன். பையில் ஒரு டப்பா எலுமிச்சை சாதம், தண்ணீர், பாஸ்போர்ட், மழைக்கோட்டு.

முதல் அரை மணி நேரம் ஊருக்குள்ளேயே போகிறது வழி. மான்செல் என்கிற கரைப் பகுதியைக் கடந்தேன். 1900 ஜூலை 2 அன்று முதல் செப்பலின் ஆகாயக் கப்பல் எழும்பியது இந்தக் கரையை ஒட்டிய ஏரிப் பரப்பிலிருந்துதான். அந்தத் தொழிலால் வளர்ந்த ஊர், அந்தத் தொழிற்சாலைகளுக்காகவே இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசித் தரைமட்டமாக்கப்பட்டது. இப்போது இருப்பதில் பெரும்பகுதி போருக்குப் பின் கட்டியது. கட்டடங்களில் பார்த்து நிற்க அதிகம் இல்லை. என் கண் முழுக்கச் சாலையின் ஓரத்தில்தான் இருந்தது.

கார்கள் போகும் சாலைக்கும் எனக்கும் நடுவே ஒரு புல்வரிசை. அதற்கு இந்தப் பக்கம் சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் என்று ஒரு பாதை. தார் போட்டது, மேடு பள்ளம் இல்லாதது. ஓரிடத்தில் இறங்கி என் காலடியால் அளந்து பார்த்தேன்: எட்டு அடிக்குக் குறையவில்லை. எதிரே ஒரு சைக்கிள் வந்தால் இருவரும் வேகம் குறைக்காமல் விலகிப் போகலாம். ஒவ்வொரு பிரிவிலும் வெள்ளைப் பலகையில் பச்சை எழுத்தில் அடுத்த ஊரின் பெயர், எத்தனை கிலோமீட்டர், ஒரு அம்புக்குறி. எனக்கு ஜெர்மன் தெரியாது. அன்று முழுவதும் ஒரு இடத்தில்கூட வழி கேட்க வேண்டியிருக்கவில்லை. கைப்பேசி பைக்குள்ளேயே இருந்தது.

இம்மென்ஸ்டாடைத் தாண்டியதும் ஆப்பிள் தோப்புகள். ஆலங்கட்டி மழைக்குப் பயந்து மரங்களுக்கு மேல் வலை விரித்திருக்கிறார்கள். மரங்கள் எல்லாம் ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். வரிசையாகக் கம்பியில் கட்டி வளர்க்கிறார்கள். அறுவடைக் காலம். டிராக்டர் பெரிய மரப்பெட்டிகளை இழுத்துக்கொண்டு அதே பாதையின் குறுக்கே வந்தது. ஓட்டியவர் என்னைப் பார்த்து வண்டியை நிறுத்திக் கையைக் காட்டினார், போ என்று. கொஞ்ச தூரம் போயும் எனக்கு அந்தக் கை மறக்கவில்லை. நம் நெடுஞ்சாலையில் சைக்கிளில் போகும் ஒருவருக்காக ஒரு டிராக்டர் நின்று நான் பார்த்ததில்லை.

ஹாக்னாவுக்குக் கொஞ்சம் முன்னால் செயின் கழன்றது. இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. மருமகளின் சைக்கிளில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிரேக் பிடிக்கும். அங்கே பல சைக்கிள்கள் அப்படித்தான். எனக்கு முப்பது வருடப் பழக்கமாகப் பெடலைப் பின்னால் சுற்றிவிட்டுத்தான் கால் வைக்க வரும். ஒரு மேட்டில் இறங்கி ஏறும்போது அப்படிச் சுற்ற, வண்டி சட்டென்று நிற்க, ஏற்கெனவே தொய்ந்திருந்த செயின் பல்லை விட்டு இறங்கிவிட்டது. திராட்சைத் தோட்டத்து வேலிக் கல்லில் சைக்கிளைச் சாய்த்தேன். ஒரு சுள்ளியை எடுத்து, செயினைப் பின் பல்சக்கரத்தில் முழுதாக மாட்டினேன். பிறகு முன் பல்சக்கரத்தின் மேல்பக்கத்தில் நாலு பல்லுக்குக் கொளுவி, பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிக்கொண்டு பெடலை மெல்ல முன்னுக்குச் சுற்றினேன். 'டக்' என்று உட்கார்ந்தது. 1991-இல் கண்மாய்க் கரையில் ஒரு சைக்கிள் கடைக்காரர் எங்கள் இருபது பேரையும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம். "ஓட்டத் தெரிஞ்சா பத்தாது தாயி, மாட்டவும் தெரியணும்" என்றார். அவர் இப்போது இல்லை.

கை முழுக்க மசி. அதற்குள் ஒரு பெண்மணி சைக்கிளை நிறுத்தி இறங்கினார். எழுபதைத் தாண்டியவர். முன்கூடையில் ரொட்டியும் ஒரு கட்டுக் கீரையும் இருந்தன. என்னவோ கேட்டார், நான் சரியாகிவிட்டது என்று கையால் காட்டினேன். ஈரத்தாள் எடுத்து நீட்டினார். நான் துடைத்து முடிக்கும்வரை நின்று, செயினைக் குனிந்து பார்த்து, தலையாட்டிவிட்டுப் போனார். அந்த அம்மாள் மேட்டில் மிதித்து ஏறிப் போனதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் உடற்பயிற்சிக்குப் போகவில்லை, சுற்றுலாவும் இல்லை. கடைக்குப் போய்விட்டு வீட்டுக்குப் போகிறார். அவரைப் பார்த்து யாரும் தைரியசாலி என்று சொல்லமாட்டார்கள்.

ஹாக்னாவிலிருந்து மேர்ஸ்பூர்க் வரை வலப்பக்கம் திராட்சைக் கொடிகள் சரிவாக ஏறுகின்றன, இடப்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் ஏரி. அன்று வானம் தெளிவாக இருந்ததால் தண்ணீருக்கு அப்பால் ஆல்ப்ஸ் மலைகள் வெள்ளையாகத் தெரிந்தன. அந்தப் பகுதியைப் பற்றி நான் விவரித்து எழுதினால் சுற்றுலாக் கட்டுரை ஆகிவிடும், விடுகிறேன். மேர்ஸ்பூர்க் மலை மேல் ஒரு பழைய கோட்டை இருக்கிறது. ஆனெட் ஃபான் ட்ராஸ்டே ஹுல்ஸ்ஹாஃப் என்கிற கவிஞர் அங்கே வாழ்ந்து 1848-இல் அங்கேயே இறந்தார். யூரோ வருவதற்கு முன்பு ஜெர்மனியின் 20 மார்க் நோட்டில் அந்தப் பெண்ணின் முகம்தான் இருந்தது என்று மகன் சொல்லி அனுப்பியிருந்தான். கீழிருந்தே கும்பிட்டுவிட்டுப் படகுத் துறைக்குப் போனேன். செங்குத்தான ஏற்றம், திரும்பும் நேரம் தவறிவிடும்.

கார்களையும் லாரிகளையும் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரைக்குப் போகும் படகு அது. 1928 முதல் ஓடுகிறது, இப்போது இரவு பகல் இருபத்து நான்கு மணி நேரமும். சைக்கிள்காரர்களுக்குத் தனியாக நிற்க இடம், தனியாக ஏற வழி. லாரிக்குப் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டு நிற்கவில்லை நான். கால் மணி நேரத்தில் அக்கரை. அங்கிருந்து நாலைந்து கிலோமீட்டர் போனால் கான்ஸ்டன்ஸ் நகரம்.

நகரத்தை ரைன் நதி இரண்டாகப் பிரிக்கிறது. அதைக் கடக்கக் கார்ப் பாலங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நடுவே சைக்கிளுக்கும் நடப்பவர்களுக்கும் மட்டும் என்று ஒரு பாலம். 1990-களின் தொடக்கத்தில் கட்டியது. நாங்கள் புதுக்கோட்டையில் முட்டி தேய்த்துக்கொண்டிருந்த அதே காலம்! கார் போகாத ஒரு பாலத்துக்காக ஒரு நகராட்சி பணம் செலவழித்திருக்கிறது. பாலத்தின் நடுவில் கால் மணி நேரம் ஓரமாக நின்று போகிறவர்களைப் பார்த்தேன். புத்தகப் பையோடு பள்ளிக் குழந்தைகள். எட்டு ஒன்பது வயதுதான் இருக்கும், கூடப் பெரியவர்கள் யாரும் இல்லை. பின்னால் ஒரு பெட்டி வண்டியைக் கட்டி இரண்டு பிள்ளைகளை அதில் உட்காரவைத்து இழுத்துப் போன ஓர் இளம் தாய். கோட்டு சூட்டு போட்ட ஒருவர். பல்கலைக்கழக மாணவர்கள் கூட்டம் கூட்டமாக. தனியாகப் போன பெண்களை எண்ண ஆரம்பித்தேன். முப்பதுக்கு மேல் விட்டுவிட்டேன்.

நகரத்துக்குள் பார்க்கத் தக்கவை நிறைய. போரில் இந்த ஊரின் மேல் குண்டு விழவில்லை. சுவிட்சர்லாந்தின் ஊரோடு ஒட்டி இருப்பதால் இரவில் விளக்குகளை அணைக்காமல் விட்டார்கள், விமானத்தில் வந்தவர்களுக்கு எது ஜெர்மனி, எது சுவிஸ் என்று தெரியவில்லை என்பார்கள். அதனால் பழைய சந்துகள் அப்படியே நிற்கின்றன. 1414 முதல் 1418 வரை கிறிஸ்தவத் திருச்சபையின் பெரிய மாநாடு இங்கே நடந்தது. சீர்திருத்தம் பேசிய யான் ஹுஸ் என்பவரைப் பாதுகாப்பு தருகிறோம் என்று வரவழைத்து, 1415-இல் உயிரோடு எரித்தார்கள். துறைமுகத்தில் ஒன்பது மீட்டர் உயரத்துக்கு ஒரு பெண்ணின் சிலை மெல்லச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்கு எதிரே பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தைச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டுவிட்டு ஏரியோரமாகவே தெற்கே மிதித்தேன். பத்து நிமிடத்தில் புல்வெளியில் வரிசையாகச் சிவப்பு உலோகச் சிற்பங்கள். மொத்தம் 22. ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் எல்லையே அதுதான். போர்க் காலத்தில் அங்கே கம்பி வேலி போட்டிருந்தார்களாம். 2006-இல் வேலியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அடுத்த ஆண்டு சிற்பங்களை நட்டார்கள். கொரோனா வந்த 2020 வசந்தத்தில் மறுபடியும் வேலி போட்டபோது, இந்தப் பக்கத்தவரும் அந்தப் பக்கத்தவரும் வேலிக்கு இருபுறமும் நின்று பேசிக்கொண்டார்கள். பின்பு அதையும் எடுத்துவிட்டார்கள். பாஸ்போர்ட்டைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. இரண்டு சிற்பங்களுக்கு நடுவே மிதித்து சுவிட்சர்லாந்துக்குள் போய், ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினேன். ஒரு வேலியைப் போடவும் எடுக்கவும் மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஒரு பாதையைப் போடுவதும் போடாததும் அப்படித்தானே?

அந்த நாடு சொர்க்கம் என்று எழுதினால் பொய் சொன்னவள் ஆவேன். என் பாதை பல இடங்களில் ஏரியை விட்டு விலகி, லாரிகள் இரைகிற நெடுஞ்சாலையை ஒட்டிப் போயிற்று. சனிக்கிழமைகளில் சுவிஸ் ஊர்களிலிருந்து சாமான் வாங்க வருகிற கார்களால் கான்ஸ்டன்ஸ் திணறுகிறது. ஜெர்மனியிலும் ஆண்டுக்கு நானூறுக்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்கள் விபத்தில் சாகிறார்கள். ஆனால் அந்தச் சாவுகளை அவர்கள் தலைவிதி என்று விடுவதில்லை. 2020-இல் சட்டத்தைத் திருத்தினார்கள்: சைக்கிளை முந்துகிற கார், ஊருக்குள் ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளியே இரண்டு மீட்டர் இடைவெளி விட்டே முந்த வேண்டும். இடம் இல்லையென்றால் பின்னாலேயே வர வேண்டும். பாதை இல்லாத ஒரு கிராமத் தெருவில் என் பின்னால் ஒரு கார் அப்படித்தான் வந்தது. ஹாரன் அடிக்கவில்லை. தெரு அகன்றதும் தள்ளிப் போய் முந்தியது.

திரும்பும்போது மேர்ஸ்பூர்க் வழியாக வரவில்லை. கான்ஸ்டன்ஸிலிருந்து ஃப்ரீட்ரிக்ஸ்ஹாஃபனுக்கு நேராக ஒரு விரைவுப் படகு இருக்கிறது. 52 நிமிடம். சைக்கிளையும் ஏற்றிக்கொள்கிறார்கள். மாலையில் காற்று கிளம்பியிருந்தது. கரையில் ஒரு ஆரஞ்சு விளக்கு விட்டு விட்டு மின்னியது. பிறகு இன்னொரு கரையிலும். காற்று பலக்கும்போது நிமிடத்துக்கு 40 தடவையும், புயல் வரும்போது 90 தடவையும் மின்னுமாம், சிறு படகுகளில் இருப்பவர்கள் கரைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக. கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நாற்பதுதான். ஏரியைச் சுற்றி எத்தனையோ ஊர்கள், மூன்று நாடுகள். எவரோ ஒருவர் ஒரு சின்னப் பாய்மரப் படகில் இருப்பார் என்று நினைத்து விளக்கைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

அந்த விளக்கைப் பார்த்தபோதுதான் என் பள்ளி மாணவி நினைவுக்கு வந்தாள். என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். மேல்நிலைப் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்குப் போனதும் அரசு சைக்கிள் கொடுத்தது. 2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிப் பின்னால் எல்லோருக்குமாக விரிந்த திட்டம். நம் மாநிலம் செய்த நல்ல காரியங்களில் அதற்கு முன்வரிசையில் இடம் தருவேன் நான். ஆனால் அவள் வீட்டில் அந்த சைக்கிள் திண்ணையில் சாத்தியே இருந்தது. அவள் மாமா தோட்டத்துக்கு எடுத்துப் போவார். ஏன்டி நீ ஓட்டவில்லை என்று கேட்டேன். "ஹைவேஸ்ல ஒரு கிலோமீட்டர் போகணும் டீச்சர். அம்மா பயப்படுது" என்றாள். அவளுக்கு ஓட்டத் தெரியும். ஓட்டக் கூடாது என்று ஊரில் யாரும் சொல்லவில்லை. என் காலத்தில் கண்மாய்க் கரையில் உட்கார்ந்து பேசிய வாய்கள் இப்போது அடைத்துப் போய்விட்டன. அந்தச் சண்டையில் நாங்கள் ஜெயித்துவிட்டோம். ஜெயித்து, கையில் சைக்கிளையும் கொடுத்து, பதினாறு வயதுப் பிள்ளையை லாரிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டிருக்கிறோம். முப்பது வருடம் கழித்தும் ஒரு பெண் பள்ளிக்கூடம் போவதற்குத் தைரியம் வேண்டும் என்றால், குறை அந்தப் பெண்ணிடம் இல்லை, அவள் அம்மாவிடமும் இல்லை.

நாலு வழி, ஆறு வழி என்று சாலைகளை அகலப்படுத்துகிறோம். அதே நிலத்தை எடுக்கும்போதே, பள்ளிக்கூடம் இருக்கிற இடங்களில் மட்டுமாவது இரு பக்கமும் ஆறடி சைக்கிளுக்கு என்று ஏன் ஒதுக்கக் கூடாது? புதுக்கோட்டை மாவட்டம் முழுக்கக் கண்மாய்கள். பல ஊர்களுக்குப் பள்ளிக்கூடம் கண்மாய்க்கு அந்தப் பக்கம்தான். கரையைப் பலப்படுத்தும்போது மேல்தளத்தைச் சமன் செய்து, மடையும் கலுங்கும் வருகிற இடத்தில் ஒரு சிறு பாலம் போட்டால் பிள்ளைகள் நெடுஞ்சாலையைத் தொடாமலே போய்விடலாம். இதற்கு ஜெர்மனியின் பணம் வேண்டியதில்லை. கரை ஏற்கெனவே இருக்கிறது.

திரும்பி வந்த வாரமே அந்தப் பிள்ளையின் ஊருக்குப் போனேன். என் பழைய சைக்கிளில்தான். தையல் டேப்பை எடுத்துப் போயிருந்தேன். நெடுஞ்சாலையில் வெள்ளைக் கோட்டிலிருந்து தார் முடியும் இடம் வரை அளந்தேன்: ஒன்றரை அடி. அதற்கப்பால் ஒரு சாண் பள்ளம், ஜல்லி. நான் குனிந்து அளந்துகொண்டிருந்தபோது போன ஒரு பேருந்தின் காற்றில் டேப் கையை விட்டுப் பறந்தது. பிறகு கண்மாய்க் கரை வழியாக மிதித்துப் பார்த்தேன். கலுங்கில் மட்டும் இறங்கித் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. மற்றபடி பதினெட்டு நிமிடத்தில் பள்ளிக்கூட வாசல். இரண்டு அளவுகளையும் ஒரு தாளில் எழுதி, நவம்பர் 1 கிராமசபையில் மனுவாகக் கொடுத்தேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். அடுத்த கிராமசபை ஜனவரி 26. அன்றைக்கும் போவேன், இந்த முறை அந்தப் பிள்ளையின் அம்மாவையும் கூட்டிக்கொண்டு.